கடன் முடிந்தது, வில்லங்கம் முடியவில்லை

புழலில் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியவர், வங்கி கொடுத்த ‘நோ டியூஸ்’ கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்: கடன் வாங்கியபோது பதிவான அடமானம் அப்படியே நிற்கிறது! அதை நீக்க வங்கி தரப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிய வேண்டும்.

அசல் பத்திரங்களுக்கு இழுத்தடிப்பு இனி செல்லாது. கடன் அடைந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தந்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு இது. தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரத்தைத் தொலைத்துவிட்டாலோ, நகல் எடுக்கும் செலவும் வங்கியுடையதே. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம்.

இத்தனை இருந்தும் கவுன்டரில் நாம் கெஞ்சிக்கொண்டுதான் நிற்கிறோம். “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்றால் தலையாட்டிவிட்டு வருகிறோம். கணக்கு முடிந்த தேதியை எழுத்தில் வாங்குங்கள், சார். 30 நாள் எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான். லாரிக் கடன்காரர்களுக்கு இன்னொரு வேலை உண்டு: ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 ஆர்டிஓ அலுவலகம் போகாவிட்டால், ஆர்சி புத்தகத்தில் அவர் பெயர் உட்கார்ந்தே இருக்கும்.