பழக்கம் எல்லோருக்கும், பழி மட்டும் முஸ்லிமுக்கா?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுக் கடை. கணக்கு முடிந்து தேநீர் வந்த நேரத்தில் கடைக்காரர் கேட்டார்: "ஏன் பாய், உங்க ஆளுங்க மட்டும் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிறீங்களே, பிள்ளைங்க ஊனமாப் பிறக்காதா?"

கேட்டவர் யார் தெரியுமா? தன் சொந்த அக்காள் மகளை மணந்தவர்!

அவர் மீது நமக்குக் கோபம் இல்லை. சொந்தத்தில் திருமணம் என்றாலே தாடியும் தொப்பியும் நினைவுக்கு வரும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மீதுதான் கோபம்.

கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் 28 சதவீதத்தினர் உறவினரை மணந்தவர்கள். இந்திய அளவில் இது 11 சதவீதம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. நம்மில் ஒருவர் விடாமல் சொந்தத்திலேயே மணந்திருந்தாலும் 28 வருமா? வியாபாரிகளே, நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்! மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் எல்லாம் இந்தத் தமிழ் மண்ணின் பழக்கம். மதத்தின் பழக்கம் அல்ல.

இன்னும் சொல்லப்போனால், அக்காள் மகளை மணப்பதை இஸ்லாம் அறவே தடுத்துவிட்டது (அல்குர்ஆன் 4:23). முதல்தர ஒன்றுவிட்ட உறவில் இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. அதாவது இரண்டு மடங்கு நெருக்கம். அந்த நெருக்கமான உறவுக்கு 1955 இந்துத் திருமணச் சட்டம் 'வழக்கம்' என்ற பெயரில் வழிவிட்டிருக்கிறது. நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் உத்தரகாண்டில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம் சிற்றப்பா மகள், மாமன் மகள் உறவையெல்லாம் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வழக்கம் இருந்தால் விலக்கு உண்டாம். அந்த வழக்கம் பொது ஒழுக்கத்துக்கு முரணாக இருக்கக் கூடாதாம்! எது ஒழுக்கம் என்று யார் தீர்மானிப்பது? பழங்குடி மக்களுக்கு முழு விலக்கு. அப்படியானால் குறி யார் மீது?

வெள்ளைக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. விக்டோரியா ராணி 1840-இல் மணந்தது தன் தாய்மாமன் மகனை. அறிவியல் மேதை டார்வின் 1839-இல் மணந்ததும் தாய்மாமன் மகளைத்தான்.

சகோதரர்களே! இதுவரை பிறருக்குச் சொன்னோம். இனி நமக்குச் சொல்லிக் கொள்வோம். பிறர் பழி சொல்கிறார்கள் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு இது: பிறவிக் குறை நூற்றுக்கு மூன்று என்றிருப்பது, முதல்தர ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் நூற்றுக்கு ஆறு ஆகிறது. 94 பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆபத்து இரு மடங்கு என்பதும் உண்மை. தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் முடிச்சுப் போட்டால் ஆபத்து மேலும் கூடும்.

காரணம் எளிது. தலசீமியா போன்ற குறையை ஒருவர் மறைவாகச் சுமக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதே குறையைச் சுமக்கும் இன்னொருவரை மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளிடம் இருவரும் சுமப்பவராக அமைவது எளிது. கடுமையான தலசீமியா வந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்தத் தாயின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

"மார்க்கம் அனுமதித்ததாயிற்றே!" என்பார்கள். ஆம், அனுமதித்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களே தம் அத்தை மகள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். 'நெருங்கிய உறவில் மணக்காதீர்கள்' என்று சிலர் சொல்லும் ஹதீஸுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அனுமதி வேறு, கடமை வேறு! நபியவர்களின் மனைவியரில் பெரும்பாலோர் வேறு குடும்பத்தினர், வேறு குலத்தினர் என்பதை ஏன் மறந்தோம்?

உண்மையில் நம் வீடுகளில் சொந்தத்தைத் தேட வைப்பது மார்க்கமா? "கடை பிரியக் கூடாது, சொத்து வெளியே போகக் கூடாது" என்ற கணக்குதானே! பெண்ணுக்கு அல்லாஹ் விதித்த பங்கைக் (4:11) கொடுக்காமல் தப்பிக்க அவளை அத்தை வீட்டுக்கே அனுப்புகிறோம். அவளிடம் சம்மதம் கேட்டோமா? விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்த கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். அந்த உறவு முறிந்தால் அண்ணன் தங்கை உறவும் முறிகிறது, பங்குக் கடையும் இரண்டாகிறது. எதைக் காப்பாற்றினோம்?

ஜமாஅத் நிர்வாகிகளே, இளைஞர்களே! செய்ய வேண்டியவை இவை:

1. நிக்காஹ் பேசுவதற்கு முன் மணமக்கள் இருவருக்கும் தலசீமியா இரத்தப் பரிசோதனை. சவூதி அரேபியா 2004 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நமக்கென்ன தயக்கம்?

2. எல்லா நோய்க்கும் பரிசோதனை இல்லை. எனவே குடும்பத்தில் பிறவிக் காது கேளாமை, காரணம் தெரியாத சிசு மரணம் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெறுங்கள்.

3. பெண்ணின் சம்மதத்தை அவள் வாயாலேயே கேளுங்கள்.

4. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், உருது பேசுபவர் என்ற வேலிகளை உடையுங்கள். சிறு கூட்டத்துக்குள்ளேயே சுற்றினால் அதுவும் சொந்தம்தான்!

பட்டுச் சேலை வாங்கும்போது ஜரிகையை உரசிப் பார்க்கும் நாம், பிறக்கப் போகும் பிள்ளைக்காக ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?

அடுத்த முறை அந்தக் கடைக்காரர் கேட்டால், "நாங்கள் பரிசோதித்துத்தான் மணக்கிறோம்; நீங்கள்?" என்று நாம் திருப்பிக் கேட்கும் நிலை வர வேண்டும்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!