முதல் சந்தேகத்தில் சறுக்கும் துப்பறிவாளர்!

இந்த வாரம் நாம் சந்திக்கப்போகிற போலீஸ்காரருக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். உயரமான இடம் என்றால் நடுக்கம். பியரும் குறுக்கெழுத்துப் புதிரும் இல்லாவிட்டால் யோசனையே ஓடாது. பெயர், இன்ஸ்பெக்டர் மோர்ஸ். ஊர், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு.

இவரைப் படைத்தவர் கொலின் டெக்ஸ்டர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். காது கேட்பது குறைந்துபோனதால் அந்த வேலையை விட்டுவிட்டு, 1966-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தேர்வுகள் நடத்தும் அலுவலகத்தில் சேர்ந்தார். 1975-ல் முதல் மோர்ஸ் நாவல் வந்தது. மொத்தம் 13 நாவல்கள். 1987 முதல் 2000 வரை டி.வி-யில் 33 எபிசோடுகள். பேராசிரியர்களும் மாணவர்களும் சைக்கிளில் போகிற அந்த அமைதியான ஊரில் இத்தனை கொலைகளா என்று மட்டும் கேட்காதீர்கள்!

ஷெர்லாக் ஹோம்ஸ், செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவார். மோர்ஸ் அப்படி இல்லை. அட்டகாசமாக ஒரு கதை கட்டி, இவர்தான் குற்றவாளி என்பார். உதவியாளர் லூயிஸ் கொண்டுவரும் ஒரு சின்னத் தகவலில் அந்தக் கதை சரிந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். தேவன் எழுதிய நம்ம 'துப்பறியும் சாம்பு' அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பார். மோர்ஸ் ஜெயிப்பது, தன் முடிவைத் தானே மாற்றிக்கொள்வதால்.

நிஜத்தில் இந்த மாற்றம் சுலபமாக வருவதில்லை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. பாகவதரின் 'ஹரிதாஸ்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய், வழக்கு மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். சிறையில் போனது இரண்டு வருஷத்துக்கும் மேல். பாகவதருக்குப் பழைய புகழ் கடைசிவரை திரும்பவில்லை.

இப்போது தீர்ப்பு சொல்லக் கோர்ட்டே தேவையில்லை, கையில் போன் இருந்தால் போதும். போன மாதம் ஆழ்வார்பேட்டையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு குழந்தையின் சைக்கிள் காணாமல்போனது. வாட்ஸ்அப் குரூப்பில் பத்தே நிமிஷத்தில் வாட்ச்மேன் பெயர் வந்துவிட்டது. 'ராத்திரி அவர்தானே இருந்தார்?' என்று ஒருவர் கேட்க, 'எனக்கு அப்பவே டவுட்' என்று இன்னொருவர். மறுநாள் டியூஷன் வீட்டு வாசலில் சைக்கிள் கிடைத்தது. பையன் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். குரூப்பில் சிரிப்பு எமோஜிகள் குவிந்தன. கேட்டுக்குப் போய் அந்தப் பெரியவரிடம் 'மன்னிச்சுக்கோங்கண்ணே' என்று சொன்னது, பையனின் அம்மா மட்டும்தான்.

அந்தக் குரூப்பில் ஒரு லூயிஸ் இருந்து, 'டியூஷன்ல கேட்டீங்களா?' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

மோர்ஸ் கதையைப் படிக்கவோ பார்க்கவோ உட்கார்ந்தால், வீட்டில் எல்லோரும் முதல் அரை மணி நேரத்தில் யாரைச் சந்தேகிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். தாத்தா முதல் பேத்தி வரை எத்தனை அப்பாவிகளை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று தெரியும்!