பந்து இல்லாத 86 நிமிடம்!

ஒரு கால்பந்துப் போட்டி 90 நிமிடம் நடக்கிறது. மைதானத்தில் 22 பேர். பந்து ஒன்றுதான்! நேரத்தைச் சரிசமமாகப் பங்கிட்டால், ஆளுக்கு 4 நிமிடம்தான் வரும். மீதி 86 நிமிடம் ஆட்டக்காரன் என்ன செய்கிறான்? ஒரு குழுவின் தரம் அதில்தான் தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஹாலந்து நாடு ஒரு விடை சொன்னது. 1974-ம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், உலகமே வியக்கும்படி சொன்னது. அந்தக் குழுவின் பயிற்சியாளர் ரைனஸ் மிக்கெல்ஸ். தலைவர் யோஹான் கிரைஃப்.

முன்னால் ஓடியவர்கள்

பந்தைப் பறிகொடுத்த குழு, சாதாரணமாகத் தன் கோலைக் காக்கப் பின்னால் ஓடும். ஹாலந்துக்காரர்களோ முன்னால் ஓடினார்கள்! பந்து எவன் காலில் இருக்கிறதோ, அவனை இரண்டு மூன்று பேர் பாய்ந்து வளைத்துக்கொள்வார்கள். நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்கு நேரம் இராது. பதற்றத்தில் பந்தை எங்காவது உதைப்பான். பந்து மறுபடியும் ஹாலந்து வசம்! அதுவும் எதிரியின் கோலுக்குப் பக்கத்திலேயே!

பின்வரிசையில் 4 பேர், நடுவில் 3 பேர், முன்வரிசையில் 3 பேர். இதுவே அவர்களது அணிவகுப்பு. முன்வரிசை பாய்ந்தால், பின்வரிசையும் நடுக்கோட்டை நோக்கி ஏறி வரும். எதிரிக்கு ஆட இடம் சுருங்கிவிடும். பின்வரிசையைத் தாண்டி, ஹாலந்தின் பாதியில் முன்கூட்டியே போய் நிற்பவனுக்குப் பந்தை அனுப்பினால் 'ஆஃப்சைட்' ஆகிவிடும். பின்வரிசை ஆள் தாக்கப் போனால், வேறொருவர் அவர் இடத்தை நிரப்புவார். கோல் காவலரும் சும்மா நிற்கமாட்டார். கோலை விட்டு வெளியே ஓடிவந்து, பின்னால் விழும் பந்தை உதைத்து அனுப்புவார்.

ஒருவன் சோம்பினால்...

இது ஆபத்தான ஆட்டமும்கூட. ஒன்பது பேர் பாய்ந்து, பத்தாமவன் நின்றுவிட்டால் போதும். அந்த ஓட்டை வழியே பந்து போய்விடும். பின்னால் வெறும் வெட்டவெளி! ஆகவே இது வெறும் வேகம் அல்ல, கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாடு பலன் தந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன் 6 ஆட்டங்களில் ஹாலந்து 14 கோல் போட்டது. வாங்கியது ஒன்றே ஒன்று. அதுவும் ஹாலந்து ஆட்டக்காரர் ஒருவரே தவறுதலாகத் தம் கோலுக்குள் அனுப்பிய பந்து! அர்ஜென்டினா 4-0 என்று தோற்றது. அப்போதைய சாம்பியன் பிரேசில் 2-0 என்று தோற்றது.

மியூனிக்கில் கிடைத்த பாடம்

1974 ஜூலை 7. மியூனிக் நகரில் மேற்கு ஜெர்மனியுடன் இறுதி ஆட்டம். இரண்டாவது நிமிடத்திலேயே ஹாலந்துக்குப் பெனால்டி. நீஸ்கென்ஸ் கோல் அடித்தார். அதுவரை ஜெர்மானியர் ஒருவர் கால்கூடப் பந்தில் படவில்லை!

பிறகு நடந்ததுதான் பரிதாபம். அடுத்த கோலை நாடி விரைவதற்குப் பதிலாக, ஹாலந்துக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டி விளையாடினார்கள். ஜெர்மானியர் மூச்சு வாங்கிக்கொண்டனர். பிரைட்னர் பெனால்டியில் ஒரு கோல், மியுல்லர் ஒரு கோல். கோப்பை 2-1 என்று கைமாறியது!

துணிந்து தாக்கியதால் தோற்றார்கள் என்று சொல்வது சரியல்ல. தாக்குவதைத் தளர்த்தியபோதுதான் பிடி நழுவியது. 14 ஆண்டு கழித்து, 1988-ல், அதே மிக்கெல்ஸ் அதே மியூனிக் மைதானத்துக்கு ஹாலந்து குழுவை அழைத்து வந்தார். சோவியத் யூனியனை 2-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார்.

இன்று உலகின் பெரிய குழுக்கள் பலவும் இந்த நெருக்கும் ஆட்டத்தை ஆடுகின்றன. ஆனாலும் நம் கைதட்டல் எல்லாம் கோல் போட்டவனுக்கே போகிறது. பந்தே கிடைக்காமல், மூச்சிரைக்க ஓடி எதிரியை மடக்கியவனை யார் நினைக்கிறார்கள்?

வீட்டிலும் அப்படித்தான். கண்ணில் படாத உழைப்புதான் குடும்பத்தைத் தாங்குகிறது. பந்து இல்லாத 86 நிமிடம் உழைக்கிறவனுக்கும் கை தட்டுவோம். வெற்றியில் அவனுக்கும் சம பங்கு உண்டு!