வெளிச்சத்தின் கூலி

ஐரோப்பியக் கிராமங்கள் மாட்டுக் கொழுப்பை உருக்கி வீட்டிலேயே மெழுகுவத்தி செய்த காலத்தில், 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்த சித்தூர்ப் பக்கத்துக்கு ஆமணக்குதான் விளக்கு. கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பார்கள். அதை மறுபடியும் ஈரம் சுண்டக் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் திரி படபடவென்று பொரியும். திரிக்கோ பழைய வேட்டியின் கிழிசல் போதும். விளக்கெண்ணெய் கெட்டியானது, நின்று நிதானமாக எரியும் என்று இன்று நாம் சிலாகிக்கிறோம். இடித்த கைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பகலெல்லாம் கழனியில் குனிந்த பெண்கள்தான் மாலையில் உலக்கையும் பிடித்தார்கள். மண்ணெண்ணெயும் பிறகு மின்சாரமும் அந்தப் பாட்டைத் தீர்த்தன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் இப்போது திருப்பதிக் கடைகளில் ‘சமையலுக்கு அல்ல’ என்று அச்சிட்ட விளக்கு எண்ணெயை, உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்காமலே வாங்கிச் சாமிக்கு ஏற்றுகிறோம். உழைப்பை விட்டது சரி. எரிவது எதுவென்று பார்க்கும் கவனத்தையும் சேர்த்து விட்டிருக்க வேண்டாம். புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க உரலும் வேண்டாம், உலக்கையும் வேண்டாம்.