ஓசை அடங்கிய கருவி உயிரற்ற கருவி அன்று



2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்த நாளை முன்னிட்டும் அதன் பின்னரும் பலர் தங்கள் கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றினர். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கணினியைப் பயன்படுத்துவோர்க்கு இம்மாற்றம் பெரிதாகத் தோன்றியிராது. வீட்டின் ஓர் அறையில் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன் ஆகியவற்றை அமைத்துக்கொண்டு கீர்த்தனைகளையும் அருளுரைகளையும் பதிவுசெய்து வருவோர்க்கோ இத்தகைய மாற்றம் எப்போதுமே ஒரு சோதனைதான். நேற்றுவரை நன்றாக ஒலித்த கருவி இன்று ஊமையாகிறது, அல்லது கரகரக்கிறது, அல்லது கணினி அதை அடையாளங்காண மறுக்கிறது.

அவ்வேளையில் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றே: "இது பழைய மாடல், புதியது வாங்கிக்கொள்ளுங்கள்." இந்த ஆலோசனையை நான் ஏற்பதில்லை. சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் ஆராய்வதற்கு முன்னரே சொல்லப்படும்போது அது ஆலோசனை அன்று, அவசரம். சிறு சபைகளின் ஒலிப்பதிவுக் கருவிகள் யாருடைய பணத்தில் வாங்கப்பட்டவை என்பதை நாம் அறிவோம். காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடுகிற விதவைத் தாயின் பங்கும் அதில் இருக்கிறது. நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டதை உண்மையுடன் பராமரிப்பதே உக்கிராணத்துவம் எனில், பழுது எங்கே என்று தேடிப் பார்ப்பதும் அதற்குள் அடங்கும்.

முதலில், என்ன நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். மைக் ஒலியை மின்னலையாக்குகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் அந்த அலையை எண்களாக்குகிறது. டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள் அவ்வெண்களை இயங்குதளத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. இயங்குதளத்திடமிருந்து ஒலிப்பதிவு மென்பொருள் அவற்றைப் பெறுகிறது. இயங்குதளம் மாறியபோது மைக் மாறவில்லை, கேபிள் மாறவில்லை, இன்டர்ஃபேஸின் உட்பாகங்களும் மாறவில்லை. ஆகவே பழுது பெரும்பாலும் நடுவில் நிற்பவற்றில்தான் இருக்கும். கன்வென்ஷன் மேடையில் வெளியூர்ப் பிரசங்கியார் நின்று பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கூட்டத்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதற்காகப் பிரசங்கியாரை ஊமை என்று சொல்வோமா? டிரைவர் அந்த மொழிபெயர்ப்பாளரைப் போன்றது.

ஆராய்வதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஐந்தை ஒன்றாக மாற்றினால், கருவி ஒலிக்கத் தொடங்கினாலும் எதனால் ஒலித்தது என்று தெரியாது. அடுத்த முறை அதே இருளில் மறுபடியும் தடவ வேண்டியிருக்கும்.

ஒலியே பதிவாகவில்லை என்றால், முதலில் அனுமதியைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டில் வந்த ஆப்பிளின் மொஹாவே பதிப்பு முதல், மைக்கைப் பயன்படுத்த ஒவ்வொரு மென்பொருளும் உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும். விண்டோஸிலும் தனியுரிமை அமைப்புகளுக்குள் மைக்குக்கென்று ஒரு பகுதி உண்டு. அது மூடப்பட்டிருந்தால், மென்பொருள் பதிவுசெய்வதுபோலவே காட்டும், நேரம் ஓடும், ஆனால் திரையில் அலைக்குப் பதில் ஒரு நேர்கோடு மட்டுமே நீளும். கருவியில் குறையில்லை, கதவு தாழிடப்பட்டிருக்கிறது. அதன்பின், மென்பொருளில் எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். மேம்படுத்தலுக்குப் பின் கணினி தன்னுள்ளேயே இருக்கும் சிறு மைக்கைத் தேர்ந்துகொள்வதுண்டு. ஒலி வருகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பாடல் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் கேட்டால், பாடகர் குழுவைக் கடிந்துகொள்ள வேண்டாம். சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். குறுந்தகடுகளுக்கான அளவு வினாடிக்கு 44,100; காணொளிகளில் வழக்கமாய்ப் பயன்படுவது 48,000. முதல் அளவில் பதிந்ததை இரண்டாம் அளவில் ஓடவிட்டால் வேகம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். சுருதியும் கீபோர்டில் ஒன்றரை செமிடோனுக்குச் சற்றே குறைவாக ஏறிவிடும். இயங்குதளம், இன்டர்ஃபேஸ், ஒலிப்பதிவு மென்பொருள் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டால் போதும்.

கரகரப்பும் இடையிடையே அறுபடுதலும் இருந்தால், பஃபர் அளவை உயர்த்திப் பாருங்கள். 48,000 என்ற அளவில் 128 சாம்பிள் பஃபர் என்பது ஏறத்தாழ 2.7 மில்லி வினாடி. 1,024 என்பது ஏறத்தாழ 21 மில்லி வினாடி. சிறிய பஃபர் வைத்தால் பாடுகிறவர் தம் குரலை ஹெட்போனில் உடனே கேட்கலாம். ஆனால் கணினிக்கு மூச்சுவிட நேரமிராது. பாடும்போது சிறிய அளவும் கலவை செய்யும்போது பெரிய அளவும் பொருத்தமானவை. மேம்படுத்தலின்போது மின்சேமிப்பு அமைப்புகள் மாறியிருக்கலாம்; யு.எஸ்.பி. துளையைக் கணினி உறங்கவைக்கும் ஏற்பாட்டை நிறுத்திப் பாருங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக இணைக்காமல் கணினியிலேயே நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் கணினி கருவியைக் காணவில்லை என்றால் டிரைவரைப் பற்றி யோசிக்கலாம். பழைய டிரைவரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்கும் அந்தப் பதிப்புக்கும் உரியதை நிறுவுங்கள். தயாரிப்பாளர் கைவிட்டுவிட்டாரா? அப்போதும் வழி முழுவதும் அடைபடவில்லை. பொதுத் தர நெறியைப் பின்பற்றும் யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. அந்நெறியின் இரண்டாம் பதிப்புக்கான டிரைவரை விண்டோஸ் 2017 முதல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஏசியோ முறையையே எதிர்பார்க்கும் மென்பொருள்களுக்கு, ஏசியோ4ஆல் என்னும் இலவச மென்பொருள் பாலமாக அமையும். விண்டோஸ் கைவிட்ட சில கருவிகள் லினக்ஸில் இன்றும் இயங்குகின்றன.

இங்கே என் மனத்தை அழுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுபது ஆண்டுக்கு முந்தைய நல்ல மைக் ஒன்று இன்றும் பாடலைப் பதியும். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் பத்து ஆண்டுகூட நிரம்பாத இன்டர்ஃபேஸ் ஒன்று, உள்ளே ஒரு திருகாணிகூடத் தளராத நிலையில், ஒரு சிறு மென்பொருள் எழுதப்படாததால் குப்பைக்குப் போகிறது. 2019 அக்டோபரில் வந்த ஆப்பிளின் கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை அறவே நிறுத்தியபோது, பலர் பணம் கொடுத்து வாங்கிய பிளகின்கள் ஒரே இரவில் பயனற்றுப்போயின. விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமையால், நன்றாய் ஓடும் கணினிகளே தகுதியற்றவை எனப்பட்டன. முன்னேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கருவிக்கான ஆதரவை நிறுத்தும் தயாரிப்பாளர், அதன் இயங்குமுறை விவரங்களையாவது வெளியிட்டுவிட வேண்டும். வேறொருவர் டிரைவர் எழுதிக்கொள்வார். விற்ற பொருளைத் தாமும் பேணாமல் பிறரையும் பேணவிடாமல் இருப்பது நீதியன்று. நாமும் கடைக்குப் போகும்போது விலையை மட்டும் கேட்காமல், "தனி டிரைவர் இல்லாமல் இது இயங்குமா?" என்று கேட்கப் பழக வேண்டும்.

அப்படியானால் மேம்படுத்தாமலேயே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதையும் நான் ஏற்பதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத கணினியை இணையத்தில் இணைத்து வைப்பது, இரவில் கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். சபையாரின் முகவரிகளும் கணக்குகளும் அதே கணினியில் இருந்தால் ஆபத்து நமக்கு மட்டுமல்ல. ஒலிப்பதிவுக்கென்றே இருக்கும் கணினி என்றால் அதை இணையத்திலிருந்து துண்டித்து வைக்கலாம். தனிப்பட்ட பயனருக்கு விண்டோஸ் 10இன் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மேம்படுத்தியே ஆக வேண்டும் என்றால், முதலில் வட்டு முழுவதையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். கிறிஸ்துமஸ் கீதங்களைப் பதிவுசெய்யும் வாரத்தில் அதைச் செய்யாதீர்கள். வேலையற்ற வாரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். விண்டோஸில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு வழக்கமாக 10 நாள் மட்டுமே இருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் ஒவ்வொரு கருவியையும் சோதித்து முடிவுக்கு வாருங்கள்.

கருவியைவிட விலையேறப்பெற்ற ஒன்றையும் இச்சமயத்தில் நினைவூட்டுகிறேன். ஒலிப்பதிவு மென்பொருளின் திட்டக் கோப்பு என்பது பாடல் அன்று. பாடலைச் சேர்ப்பதற்கான குறிப்பு மட்டுமே. அந்த மென்பொருளோ பிளகினோ நின்றுபோனால், அக்கோப்பு திறந்தும் திறவாததுபோல் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவும் முடிந்தவுடன், ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு கருவியின் இசையையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே தனித்தனி வேவ் கோப்புகளாகச் சேமியுங்கள். 1991 முதல் வழங்கிவரும் அந்தக் கோப்பு வடிவத்தை இன்றும் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் திறக்கின்றன. மூத்த கீர்த்தனைப் பாடகர் ஒருவரின் குரலை நாம் பதிந்திருக்கலாம். அவர் இன்று நம்மிடையே இல்லாமலிருக்கலாம். இன்டர்ஃபேஸைக் கடையில் வாங்கலாம். அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவோம்?

இறுதியாகச் சபை மூப்பர்களுக்கும் குருசேகர கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஒலிப்பதிவுகளைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் ஊதியமில்லாமல் உழைக்கும் ஒரு வாலிபரே. ஞாயிறு காலை ஒலி வராவிட்டால் எல்லாக் கண்களும் அவரையே நோக்குகின்றன. ஆனால் முந்தின நாள் "அப்டேட்" பொத்தானை அழுத்தியவர் வேறொருவராய் இருந்திருப்பார். அக்கணினியில் எதை எப்போது மாற்றலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவருக்கே எழுத்து மூலம் கொடுங்கள். "இந்த மாதம் வேண்டாம்" என்று அவர் சொன்னால், வயதில் சிறியவர் என்று எண்ணாமல் செவிகொடுங்கள். கருவி பழுதாகும் நாளில் அவர் கையில் புதிய விலைப்பட்டியலைத் திணிக்காமல், ஒரு மாலை நேரத்தை அவருக்குக் கொடுத்து, அருகில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அவர் சொல்வதை அந்த நோட்டில் நீங்கள் எழுதிக்கொடுங்கள்.