படகில் ஏறவிருந்த நாய்களும் வாய் மூடி நின்ற நாமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடந்த கோடை விடுமுறையில் மத்ரஸா மாணவர்களையும் அவர்தம் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் சிற்றுலா சென்றோம். தொலைதூரப் பயணம் அன்று. புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று, சுண்ணாம்பாற்றில் படகேறி, கழிமுகத்து மணற்பரப்பில் இறங்கி, ளுஹர் தொழுது, கொண்டுசென்ற பிரியாணியை உண்டு, அஸருக்குள் கரை திரும்புவதே திட்டம்.

கத்திரி வெயில் தகித்துக்கொண்டிருந்தது. வரிசையில் எமக்கு முன்னே ஒரு குடும்பம் நின்றது. கணவன், மனைவி, ஏழெட்டு வயதுச் சிறுமி. கழுத்துப்பட்டையும் கயிறும் பூட்டிய இரண்டு நாய்கள். படகுக்காரர் ஆட்சேபிக்கவில்லை. எம்மவர்கள் ஆட்சேபித்தனர். "நாங்க தொழுறவங்க, நாய் ஏறுன படகுல நாங்க எப்படி ஏறுறது?" என்று ஒருவர் குரலை உயர்த்தினார். நாய் இருக்கும் படகில் ஏறுவதே ஹராம் என்று வாட்ஸ்அப்பில் கேட்ட பயானைச் சான்று காட்டினார் மற்றொருவர். அந்த மனிதர் மறுசொல் பேசவில்லை. சிறுமி அழத் தொடங்கினாள். அவர்கள் ஒதுங்கி நின்றனர், நாம் ஏறினோம். பல்லாண்டுகளாக ஃபிக்ஹ் பாடம் நடத்திவரும் நாமும் வாய் திறவாமல் ஏறினோம். படகு நகர்ந்தபின் திரும்பிப் பார்த்தபோது, கரையில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றி அந்த நாய்களின் முன் வைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கரையிறங்கியதும் எம் மாணவன் ஒருவன் படகுத்துறையில் படுத்திருந்த தெருநாயின் மீது கல்லெறிந்தான். கடிந்துகொண்டோம். அவன் உண்மையான வியப்புடன் கேட்டான்: "நாய்தானே ஹஜ்ரத்?"

அச்சிறுவனுக்கு அந்த வினாவைக் கற்றுக்கொடுத்தது யார்? நாமே. நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை கழுவ வேண்டும், அவற்றில் ஒருமுறை மண்ணால் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம், மனப்பாடம் செய்யவைக்கிறோம், தேர்வில் கேட்கிறோம். அத்துடன் பாடத்தை மூடிவிடுகிறோம். பிள்ளையின் உள்ளத்தில் எஞ்சுவது சட்டமன்று, அருவருப்பு. பாத்திரத்தைக் கழுவுவதற்கு வந்த விதி, உயிரை அடிப்பதற்கான அனுமதியாக அங்கே உருமாறிவிடுகிறது.

முதலில் சட்டத்தையே பார்ப்போம். ஏனெனில் படகுத்துறையில் கூச்சலிட்டவர்கள் சட்டத்தின் பெயராலேயே கூச்சலிட்டனர். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே கடும் நஜீஸ் என்பது உண்மை. அதை நாம் மறைக்கவுமில்லை, நீர்த்துப்போகச் செய்யவுமில்லை. ஆயினும் அதே மத்ஹபின் நூல்கள், உலர்ந்த நஜீஸ் உலர்ந்த பொருளைத் தொட்டால் அசுத்தம் கடத்தப்படாது என்கின்றன. உலர்ந்த உடலுடன் ஒரு நாய் படகின் மறுகோடியில் அமர்ந்திருப்பதால் உங்கள் ஆடைக்கோ தொழுகைக்கோ யாதொரு கேடுமில்லை. அது நீரில் நனைந்து உடலை உதறி, அந்த ஈரம் உங்கள்மீது பட்டால், பட்ட இடத்தை மட்டும் கழுவிக்கொள்ள வேண்டும். ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்துப்படி எச்சிலே அசுத்தம். உடலும் முடியும் அசுத்தமல்ல. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபிலோ நாய் சுத்தமான பிராணி; பாத்திரத்தைக் கழுவுவது ஒரு வழிபாட்டுக் கட்டளை மட்டுமே. இம்மூன்றில் எந்த மத்ஹபிலும் நாய் ஏறிய படகில் ஏறுவது ஹராம் என்று இல்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மண்ணுக்குத் தனியே எங்கே போவது என்று பயணத்தில் மலைப்போர் உண்டு. வெள்ளக் காலத்து நைல் நதியின் கலங்கல் நீரே மண் கலந்த நீராகப் போதுமானது என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. மழைக்காலத்துச் சுண்ணாம்பாற்று நீரைப் பார்த்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படாது. சட்டம் அவ்வளவு இலகுவாகத்தான் இருக்கிறது, நாம்தாம் இறுக்கிக்கொண்டோம்.

இனி, மத்ரஸாக்களில் வேகமாகக் கடந்துவிடும் ஒரு பகுதிக்கு வருவோம். தயம்மும் பாடத்தில், தண்ணீர் கைவசம் இருந்தும் உளூச் செய்யாமல் தயம்மும் செய்வதற்குரிய காரணங்களில் ஒன்றாக, காக்கப்பட வேண்டிய உயிரொன்றின் தாகம் குறிப்பிடப்படுகிறது. கடித்துக் குதறும் நாயை ஃபகீஹுகள் அதிலிருந்து விலக்கினர். பயனுள்ள சாதுவான நாயோ காக்கப்பட வேண்டிய உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. இதன் பொருளைச் சற்று நிறுத்தி எண்ணிப்பாருங்கள். நாய் நக்கிய பாத்திரத்தை ஏழுமுறை கழுவச் சொல்லும் அதே ஷாஃபிஈ மத்ஹப், தொழுகைக்காக நீங்கள் வைத்திருக்கும் தண்ணீரைத் தாகித்த நாய்க்கு ஊற்றிவிட்டு, நீங்கள் மண்ணைத் தடவித் தொழுங்கள் என்கிறது. நாமோ அன்று உளூவுக்கென்று கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுசென்றிருந்தோம். ஒரு துளியும் அந்த நாய்களுக்குச் செல்லவில்லை. தயம்மும் பாடம் ஓதியறியாத நுங்குக்காரப் பாட்டி அதைச் செய்தார்.

தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து கொடுத்த பனூ இஸ்ராயீல் சமூகத்துப் பெண்ணின் வரலாறு ஸஹீஹுல் புகாரீயில் இருக்கிறது. அவள் ஒழுக்கம் தவறியவள், அச்செயலுக்காகவே மன்னிக்கப்பட்டாள். இதை மேடைதோறும் கண்ணீர் மல்கச் சொல்கிறோம். அந்த வரலாற்றில் நாய் ஓர் உவமைப் பொருள் அன்று. அது உண்மையான நாய்; தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டிருந்த நாய். மக்கா வெற்றிக்காகப் படை நகர்ந்தபோது, வழியில் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்நாயைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், படையினர் எவரும் அதைத் தொந்தரவு செய்துவிடாதபடி ஜுஐல் (ரலி) என்னும் தோழரைக் காவலுக்கு நிறுத்தியதாக வாகிதீ பதிவு செய்கிறார். ஆயிரக்கணக்கானோர் கொண்ட படையில் ஒரு நாய்க்கு ஒரு காவலர்! விலங்குகளின் உரிமைகளைப் பட்டியலிட்டவரும் வேறொருவரல்லர், நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களே. முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன விலங்குக்கும் உரிமையாளர் தீனி கொடுத்தாக வேண்டும் என்று அவர் எழுதினார்.

எதிர்வாதங்களை நாம் அறியாமலில்லை. நாய்களைக் கொல்லும்படி ஒரு கட்டளை இருந்ததே என்பர். இருந்தது, பின்னர் பொதுவாகக் கொல்வது தடுக்கப்பட்டதும் அதே ஹதீஸ் தொகுப்புகளில்தான் இருக்கிறது. பாதியை மட்டும் படிப்பது அமானிதம் ஆகாது. வேட்டை, கால்நடை, வேளாண்மை போன்ற தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்பதையும், நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்பதையும் நாம் முழுமையாக ஏற்கிறோம். ஆகவே அழகுக்காகவும் அந்தஸ்துக்காகவும் நாய் வளர்க்கும் புதிய வழக்கம் நம் வீடுகளுக்கு வேண்டாம் என்றே சொல்வோம். ஆனால் அந்த ஹதீஸ்கள் நம் வீட்டைப் பற்றியவை; பக்கத்து வீட்டாரைப் படகிலிருந்து இறக்கும் அதிகாரத்தை அவை நமக்குத் தரவில்லை.

தெருநாய்க் கடியின் அச்சம் வேறு. அது நியாயமானது, பிள்ளைகளைப் பெற்ற எவரும் அதை எள்ளி நகையாட மாட்டார். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடச் சொன்னது. நாடே இரண்டுபட்டு வாதிட்டது. கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காத்திருக்கக் கூடாது. ஆனால் படகுத்துறையில் கயிற்றில் கட்டப்பட்டு நின்ற அவ்விரண்டு நாய்களும் எவரையும் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை.

நாய்களைப் படகேற்றிய முஸ்லிம் நகரம் ஒன்று உண்டு. அதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். உஸ்மானியரின் இஸ்தான்புல்லில் தெருநாய்கள் தெருவின் குடிகளாக வாழ்ந்தன. வீட்டுக்குள் அவற்றைச் சேர்க்காத அதே மக்கள் வாசலில் நீர்த்தொட்டி வைத்தனர். அவற்றுக்கு உணவளிப்பதற்கென்று வக்ஃப் எழுதிவைத்தவர்களும் இருந்தனர். நஜீஸ் பற்றிய சட்டமும் ரஹ்மத்தும் ஒரே தெருவில் குடியிருந்தன. 1910-இல், ஐரோப்பிய நகரங்களைப் போல் தம் நகரும் விளங்க வேண்டும் என்று விரும்பிய ஆட்சியாளர்கள் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து, படகுகளில் ஏற்றி, மர்மரா கடலிலுள்ள சிவ்ரியாதா என்னும் நீரற்ற பாறைத் தீவில் இறக்கிவிட்டனர். பசியாலும் தாகத்தாலும் அவை ஒன்றையொன்று தின்று மடிந்தன. அவற்றின் ஓலம் காற்றில் கரைவரை கேட்டதாகச் சொல்வர். அடுத்துவந்த போர்களையும் பேரிடர்களையும் அந்தப் பாவத்தின் தண்டனையாகவே நகரத்து முஸ்லிம்கள் பேசிக்கொண்டனர். நாயை வெறுப்பதுதான் பழைய மார்க்கப் பற்று என்று எண்ணுவோர், அந்த நகரத்தில் நாயைக் காத்தவர் யார், கடலில் தள்ளியவர் யார் என்று பார்க்கட்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. 1962-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஆகஸ்ட் விடுமுறையில் கப்பலேறித் தீவுகளுக்குச் செல்கின்றனர். இருக்கைக்கடியில் நாய்கள் படுத்திருக்கும். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் பிரிட்டனி ஃபெர்ரீஸ் நிறுவனத்தின் சில கப்பல்களில் நாயுடன் தங்குவதற்கென்றே அறைகள் இருக்கின்றன. அங்கே நம்மவர் எவரும் கூச்சலிடுவதில்லை. ஆடையை ஒதுக்கிக்கொண்டு அமர்கின்றனர். ஈரம் பட்டால் இறங்கியபின் கழுவிக்கொள்கின்றனர். ஐயமிருந்தால் நமக்குத் தொலைபேசியில் கேட்கின்றனர். அந்நிய மண்ணில் அத்துணை அடக்கம் காட்டத் தெரிந்த சமூகத்துக்கு, முல்லா வீதியிலிருந்து அரை மணிப் பயணத் தொலைவிலுள்ள ஆற்றங்கரையில் அது ஏன் இயலாமல் போயிற்று? அங்கே அஞ்சினோம், இங்கே அஞ்சவில்லை என்பதுதான் விடை என்றால், அதற்கு இறையச்சம் என்று பெயரிடாதிருப்போமாக.

நாயை அழைத்துவருவோருக்கும் ஒரு சொல் உண்டு. அவர்கள் இப்பக்கத்தைப் படிக்கப்போவதில்லை. படித்த அண்டை வீட்டார் சொல்லலாம். மே மாத நண்பகல் மணல் நாயின் பாதத்தைச் சுட்டுப் புண்ணாக்கும். மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர்வது நாய்க்கு இயலாது. மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கடல்நீரைக் குடித்தால் நோயுறும். காலைப் படகிலோ மாலைப் படகிலோ வருவதும், கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், இருக்கையின்மேல் ஏற்றாதிருப்பதும் அவர்களின் கடமை. சக பயணிகளில் தொழுகையாளிகள் இருப்பர் என்பதை அன்புடன் சொன்னால் பெரும்பாலோர் விலகி அமர்வர். அன்று எம்மவர் அப்படிச் சொல்லிப்பார்க்கவே இல்லை.

அந்தக் குடும்பத்தை மறுநாள் தேடினோம். பெயரும் ஊரும் தெரியாதவர்களை எங்கே கண்டுபிடிப்பது? நுங்குக்காரப் பாட்டியை மட்டுமே காண முடிந்தது. அவரிடம் வருத்தம் தெரிவித்தபோது, "இருக்கட்டும் பாய், வெயிலு அப்படி" என்றார்.

இவ்வாண்டும் இன்ஷா அல்லாஹ் அதே ஆற்றுக்குச் செல்கிறோம். தயம்மும் பாடத்தை அதற்கு முந்தைய வாரமே நடத்தி முடித்துவிடுவோம். உளூவுக்குரிய கேன்களுடன் இரண்டு மண்சட்டிகளும் வண்டியில் ஏறும்; படகுத்துறை நாய்களுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை, சென்ற ஆண்டு கல்லெறிந்த மாணவனுடையது. நாய் ஏறும் படகில் தம் பிள்ளை ஏறக் கூடாது என்று கருதும் பெற்றோர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.