நாமா, நாங்களா?

சென்ற வாரம் முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்கள் ஒரு கட்டு என்னிடம் திருத்துவதற்கு வந்தன. இந்திய நாவல்கள் பற்றிய தாள். 'இந்நாவலில் ஆசிரியர் கையாளும் இலக்கிய உத்திகளை விளக்குக' என்பது அதில் ஒரு வினா. ஏறக்குறைய எல்லாருமே ஒரே விடையை எழுதியிருந்தனர்: அங்கதம், முரண்நகை, உவமை, பழமொழி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எடுத்துக்காட்டு. விடைக்குறிப்பும் அதைத்தான் கேட்டது. ஆகவே முழு மதிப்பெண் வழங்கினேன். வழங்கிய பின் உண்டான உறுத்தலே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

அந்த நாவல், ஒடியா மொழியில் ஃபகீர் மோகன் சேனாபதி எழுதிய 'ச மாண ஆட்ட குண்ட'. 1897 முதல் 1899 வரை 'உத்கல சாகித்ய' இதழில் தொடராக வெளிவந்து, 1902இல் நூலானது. தலைப்பே ஒரு நில அளவு: ஆறு மாணம், எட்டு குண்டம். பகியா, சாரியா என்னும் பிள்ளையற்ற நெசவாளத் தம்பதியரின் நிலம் அது. ராமச்சந்திர மங்கராஜ் என்னும் ஜமீன்தார் அதை எவ்வாறு விழுங்கினான் என்பது கதை. கதையைச் சொல்பவனோ, மங்கராஜைப் புகழ்ந்துகொண்டே போகிறான்.

தொடக்கத்திலேயே ஒரு பகுதி வருகிறது. மங்கராஜ் ஏகாதசி தவறாத பக்திமான் என்கிறான் கதைசொல்லி. ஆனால் ஏகாதசி மாலையில் எசமானரின் படுக்கையறையில் ஒரு பெரிய பானைப் பாலும் வாழைப்பழமும் வைக்கப்படுவதாகவும், மறுநாள் விடியலில் வெறும் பானையைத் தான் கழுவி வைப்பதாகவும் அவ்வூர் நாவிதன் சொல்லிவிட்டான். ஊரார் கண்ஜாடை காட்டிச் சிரிக்கிறார்கள். கதைசொல்லி உடனே மங்கராஜுக்காக வழக்காட எழுகிறான். பாலைக் குடித்ததைக் கண்ணால் கண்ட சாட்சி உண்டா? செவிவழிச் செய்தியை எந்த நீதிமன்றம் ஏற்கும்? திரவங்கள் ஆவியாகும் என்று அறிவியல் கூறுகிறதே, பால் திரவமில்லையா? அறையில் எலியும் பூச்சியும் இல்லாமலா இருக்கும்?

இதற்கு 'முரண்நகை' என்று பெயரிட்டால் விடை முடிந்துவிடுகிறது. நம் அணியிலக்கணப் பழக்கத்தில் நின்று 'வஞ்சப்புகழ்ச்சி' என்றும் சொல்லலாம். கயவரைத் தேவரோடு ஒப்பிடும் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்த எவருக்கும் இவ்வுத்தி புதிதன்று. ஆனால் குறளின் வஞ்சப்புகழ்ச்சி இரண்டடியில் முடிகிறது. கயவனின் இடம் அங்கேயே தெளிந்துவிடுகிறது, நாமும் சிரித்து நகர்ந்துவிடுகிறோம். சேனாபதியின் கதைசொல்லி அவ்வளவு எளிதில் நம்மை விடுவதில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவன் பேசுகிறான், நாம் சிரிக்கிறோம். சாரியாவிடம் சம்பா சென்று, கோயில் கட்டினால் பிள்ளை வரம் கிடைக்கும் என ஆசை காட்டும்போதும் அக்குரல் ஏறக்குறைய அதேதான். நிலம் அடமானமாகிறது. பிறகு நிலமும் போகிறது, நேத என்னும் பசுவும் போகிறது, இறுதியில் சாரியாவின் உயிரும் போகிறது. இவ்வளவு நேரம் யாரோடு சேர்ந்து சிரித்தோம் என்ற கேள்வி அப்போதுதான் வாசகனுக்கு எழுகிறது.

பிற்பகுதியில் உண்மையான வழக்கே வருகிறது. விசாரணை, வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் உண்டு. மங்கராஜ் மீதான கொலைக் குற்றம் நிரூபணமாகவில்லை. பசுவைக் கவர்ந்ததற்கே அவன் சிறை செல்கிறான். பாலுக்காக விளையாட்டாக எழுந்த சட்ட மொழி, ஒருத்தியின் மரணத்தின் முன் உண்மையாகவே வந்து நிற்கிறது. பல சமஸ்தானங்களில் நிர்வாகப் பொறுப்பு வகித்தவர் சேனாபதி. ஆவணங்களும் வழக்குகளும் நிலத்தை எவ்வாறு கைமாற்றுகின்றன என்பதை அருகிருந்து கண்டவர். அந்த மொழியை அவர் வெளியே நின்று கண்டிக்கவில்லை. கதைசொல்லியின் வாயில் வைத்துவிட்டார். விடைத்தாள்களில் நான் தேடியது இந்த இணைப்பைத்தான். ஒரு மாணவி மட்டும், 'முதலில் சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பின்படி அவ்வரிக்கு மதிப்பெண் கிடையாது.

இந்நாவலின் கதைசொல்லியைப் பற்றி, 2005இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில் சத்ய மொஹந்தி விரிவாக எழுதியிருக்கிறார். அதற்குமேல் நான் சேர்க்க விரும்புவது ஒன்றே. அதுவும் திறனாய்வு நூல் எதிலிருந்தும் கிடைத்ததன்று. வகுப்புக்காகச் சில பக்கங்களைத் தமிழாக்க முயன்று தடுமாறியதில் கிடைத்தது. ஒடியாவை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே அறிவேன். ஆங்கிலத்தைத் துணைக்கொண்டே செய்தேன்.

கதைசொல்லி தன்னைப் பன்மையில்தான் குறிப்பிடுகிறான். ஆங்கிலத்தில் அது 'வீ'. அது வாசகரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்று ஆங்கிலம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அந்த வசதி இல்லை. 'நாம்' என்றால் வாசகரும் உள்ளே; 'நாங்கள்' என்றால் வாசகர் வெளியே. ஏகாதசிப் பகுதியில் 'நாம் சாட்சியமின்றி எதையும் ஏற்பதில்லை' என்று எழுதினேன். மங்கராஜுக்காக வழக்காடும் குற்றத்தில் வாசகரும் பங்காளியாகிவிட்டார். 'நாங்கள்' என்று மாற்றினேன். கதைசொல்லி மங்கராஜின் கூட்டத்தோடு ஒரு பக்கம் நிற்க, வாசகர் நீதிபதியாகி உயரத்தில் அமர்ந்துவிட்டார். ஒரு சொல்தான், நாவலின் அறமே இடம் மாறுகிறது.

'நாம்' என்பதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. அக்காலத் தமிழ் இதழாசிரியர்கள் தம்மை 'நாம்' என்றே எழுதினர். தொடராக வந்த நாவலுக்கு அக்குரல் இயல்பாகப் பொருந்தும். எனினும் எல்லா இடத்துக்கும் அது உதவவில்லை. தம் முப்பாட்டனார் பெயரைக் கேட்டால் விழித்துவிட்டு, இங்கிலாந்து அரசர்களின் மூதாதையரை மட்டும் ஒப்பிக்கும் ஆங்கிலம் கற்ற பாபுக்களைக் கதைசொல்லி இடித்துரைக்கும் இடங்கள் உண்டு. அங்கே அந்த பாபுதான் வாசகர், அதாவது நான். அவ்விடத்தில் கிராமத்தின் குரலாக 'நாங்கள்' என்பதே பொருந்துகிறது. ஆகவே கதைசொல்லி ஒரே இடத்தில் நிற்பவனல்லன். வாசகரைத் தோளில் கைபோட்டு அழைப்பதும் அடுத்த பக்கத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்துவதுமாக இருக்கிறான்.

கவிதையிலும் இதே சிக்கலைச் சந்தித்தேன். அருண் கொலட்கரின் 'ஜெஜூரி' 1976இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் ஒரு கிழவியைப் பற்றிய கவிதை உண்டு. ஐம்பது காசு கேட்டுச் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு தொடர்கிறாள். விரட்டிவிடத் துணிந்து திரும்பும் பயணி, அவள் சொல்லும் ஒற்றை வாக்கியத்தின் முன் நிலைகுலைகிறான். குன்றும் கோயிலும் வானும் விரிசலுற, கடைசியில் அவள் கையிலுள்ள சில்லறையாகச் சுருங்குவது அவன்தான். கவிதை முழுவதும் முன்னிலையில் செல்கிறது. 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? 'நீங்கள்' என்றால் மரியாதை வந்துவிடுகிறது. மரியாதை வந்தால் தப்பிக்க ஓர் இடைவெளியும் வந்துவிடுகிறது. 'நீ' என்றே வைத்தேன். விடைத்தாளில் இது 'முன்னிலைக் கூற்று' என்ற ஒற்றைச் சொல்லாகியிருக்கும்.

உத்திகளின் பெயர்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பெயர் தெரியாமல் பேசவே முடியாது. தண்டியலங்காரம் படித்தவன் அதை மறுப்பது நன்றிகெட்டதனம். பெயரிட்டதும் பணி முடிந்தது என்று கருதும் பாடத்திட்டத்தோடுதான் பிணக்கு. இந்த உத்தி என்னை எங்கே நிறுத்துகிறது, யார் பக்கம் நிறுத்துகிறது என்று ஒரு வினா கேட்டிருந்தால், அந்த மாணவியின் வெட்கத்துக்கும் விடைத்தாளில் இடம் இருந்திருக்கும். அடுத்த பருவத்துக்கு அவ்வாறு ஒரு வினாவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'மதிப்பிடுவது கடினம்' என்ற குறிப்போடு அது திரும்பி வந்திருக்கிறது.

ஏகாதசிப் பகுதியில் இன்னும் முடிவெடுக்க இயலவில்லை. இப்போதைக்கு 'நாம்' என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன். ஒடியாவும் தமிழும் அறிந்த நண்பர்கள் எவரேனும் இருப்பின், அவ்விடத்தை மூலத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.